சனிக்கிழமைக் கறை

ஐந்து மாதமாக என் கூரையில் ஒரு நாடு வளர்ந்தது.
முதலில் தீவு. பிறகு தீபகற்பம்.
மார்ச்சில் அதற்குப் பழுப்பு நிறத்தில்
எல்லைக்கோடும் வந்துவிட்டது.
சனிக்கிழமைதோறும் மாலை நாலரைக்கு மேல்
அதன் தெற்கு முனையிலிருந்து
என் ரேடியோமேல் ஒரு சொட்டு.

சனிக்கிழமை நாலு மணிக்குத்தான்
மேல்வீட்டு கெனோவைட்டே துணி போடுவார்.
இதற்கு மேல் சாட்சி எதற்கு?

வில்னியஸில் ட்ராலிபஸ் ஓட்டுகிறவன் நான்.
பனியில் கம்பி நழுவி
நடுத்தெருவில் வண்டி நின்றபோதும்
யாரிடமும் குரல் உயர்த்தியதில்லை.
அன்று படியேறும்போதே கத்திக்கொண்டு போனேன்.

அவர் கதவைத் திறந்து
“செருப்பைக் கழற்று” என்றார்.

குளியலறையில் நின்றது,
அறுபத்தெட்டில் வாங்கிய வாஷிங் மெஷின்.
வெள்ளை எனாமல் உருளை, மூன்று கால்,
தலைமேல் துணி பிழிய இரண்டு ரப்பர் உருட்டுகள்.
முடுக்கினால் வயிற்றுவலிக்காரன்போல் முனகும்.
அடியில் நீலப் பேசின்.
பேசினில் அரை அங்குலத் தண்ணீர்.

“ஒழுகவில்லை என்று யார் சொன்னது?
பேசினுக்குள் ஒழுகுகிறது.
பேசினில் ஓட்டை இல்லை.
உன் ரேடியோவுக்கு வருவது யார் தண்ணீர் என்று
தண்ணீரையே கேட்போம்.”

சமையலறையிலிருந்து ஒரு ஜாடி வந்தது,
ஞாயிற்றுக்கிழமைக் குளிர்ந்த சூப்புக்காக வைத்த பீட்ரூட் சாறு.
மூடியைத் தூக்கி
மொத்தமும் துவைக்கிற தண்ணீரில்.
உள்ளே அவருடைய தலையணை உறைகள் நாலு.
“உன் சட்டையையும் கழற்றிப் போடு.
வழக்கு இரண்டு பேருடையது.”

வெற்று மார்போடு தரையில் மல்லாந்து டார்ச் பிடித்தேன்.
“நேராகப் பிடி” என்றார்.
ஒரு மெஷினின் அடிவயிற்றை
அதற்குமுன் நான் பார்த்ததில்லை:
துரு, பஞ்சு, பெயின்ட் அடித்தவன் விட்டுப்போன தூரிகை மயிர்,
ஆறு திருகாணிகள், ஐந்துக்குத்தான் தலை.
அச்சு நுழையும் இடத்தில் ரப்பர் வளையம்
காய்ந்த கறுப்பு ரொட்டியின் ஓரமாய் நொறுங்கியிருந்தது.
அங்கே திரண்டது.
கருஞ்சிவப்பு. கனத்தது. நீண்டது.
பேசினில் ‘டிங்’.
அடுத்தது என் நெற்றியில்.

“பார்த்தீர்களா!” என்று எழுந்து
துண்டைப் போர்த்தியபடி
ஒரு மாடி இறங்கி ஓடினேன்.

ரேடியோமேல் ஒரு சொட்டு இருந்தது.
விரலில் எடுத்தேன். ஜன்னலுக்குக் காட்டினேன்.
தண்ணீர் நிறத்தில் தண்ணீர்.
இன்னொன்று விழுந்தது. அதுவும் அப்படியே.
காத்திருந்தேன், வெட்கமில்லாமல்,
ஒன்றாவது சிவக்கட்டும் என்று.

திரும்ப ஏறினேன்.
இருபது படிக்கு எட்டு நிமிடம் ஆனது.

“சனிக்கிழமை என்றால் நான் மட்டும்தானா?
ஐந்து மாடியும் குளிக்கிறது.
சுவருக்குள் இறங்கும் குழாயை
எவனாவது சந்தேகப்பட்டானா?”

என்னிடம் பதில் இல்லை.
நெற்றியில் பீட்ரூட் இருந்தது.

மறுவாரம் பணிமனையில்
கழித்துப்போட்ட கதவு ரப்பரில் துண்டு கேட்டு வாங்கிப் போனேன்.
நான் வெட்டிய முதல் வளையம் பெரிது.
இரண்டாவது கோணல்.
மூன்றாவதை அவரே வெட்டினார்,
கோழி நறுக்கும் கத்தரிக்கோலால்.
இப்போது அரைமணிக்கு ஒரு சொட்டு.
இன்னும் இறுக்கவா என்றேன்.
“இறுக்கினால் மோட்டார் அழும். விடு.”

சட்டை பழைய நிறத்துக்குத் திரும்பவில்லை.
பதினாறாம் எண் வண்டியில்
ரோஜா நிறத்தில் உட்கார்ந்திருப்பவன் நான்தான்.
அவருடைய பால்கனியில்
அதே நிறத்தில் நாலு உறைகள் ஆடுகின்றன.
நிறுத்தத்தில் இரண்டையும் பார்த்துவிட்டு
சிலர் ஏதோ முடிவுக்கு வருகிறார்கள்.

கட்டட நிர்வாகத்துக்குக் கடிதம் போட்டோம்.
இரண்டு கையெழுத்து. மேலே அவருடையது.
ஜூன் முடிகிறது, பதில் இல்லை.
அதுவரை என் கூரை நாட்டுக்குக் கீழே
அவர் இரவல் தந்த இன்னொரு நீலப் பேசின்.
சனிக்கிழமை நாலரைக்கு
மேலே மோட்டார் முனகும், கீழே சொட்டு விழும்.
தாளம் சேர்வதில்லை.

ஜோடியில் ஒன்று அது, கவனம் என்றிருக்கிறார்.
திருப்பித் தரும்போது
விளிம்பில் எனாமல் பெயர்ந்திருக்கக் கூடாதாம்.